எனக்காக அவள் சுற்றிய ஏரி

டாக்டர் நடக்கச் சொன்னது என்னை. நடந்தது என் மனைவி. அந்த நடையில் அவளுடைய இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மறைத்து வைத்துச் சொல்ல இது மர்மக் கதை இல்லை. எனக்கு அவ்வளவு தெம்பும் இல்லை.

நான் பட்டுச் சேலைக் கடையில் வேலை பார்க்கிறவன். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேலையை விரித்துக் காட்டி, திரும்ப மடித்து வைப்பதுதான் முப்பத்து மூன்று வருஷமாக என் தொழில். கல்யாணத்துக்கு எடுக்க வருகிறவர்களுக்கு எண்பது சேலை விரிப்பேன். எண்பதையும் தடவிப் பார்த்துவிட்டு, முதலில் விரித்த அரக்குச் சேலையையே எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் காரில் ஏறும்போது நான் மிச்சம் எழுபத்தொன்பதை மடித்துக்கொண்டிருப்பேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது உட்கார்ந்து செய்கிற சொகுசு வேலை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு மனுஷன் எப்படிக் களைத்துப் போவான் என்பதை என்னைப் போன்றவர்களைக் கேட்டால்தான் தெரியும். ராத்திரி வீட்டுக்கு வந்தால் சட்டைப் பொத்தானைக் கழற்றக்கூட எனக்குக் கை வராது.

ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. டாக்டர் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "இதுக்கு மேல மாத்திரை ஏத்த முடியாது. அடுத்தது ஊசிதான். தினம் முக்கா மணி நேரம் நடங்க. அதான் அங்க ஏரிய சுத்திப் பார்க் போட்டிருக்காங்களே, ஊரே நடக்குது." நான் "பாக்கலாம் சார்" என்றேன். எங்கள் கடையில் சேலை பிடிக்காதவர்கள் எழுந்திருக்கும்போது சொல்கிற வார்த்தை அது.

பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னதை அவள்தான் மனத்தில் வாங்கிக்கொண்டாள்.

அவள் சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தார் சுற்றுகிறாள். நெசவுக்குப் போகிற பட்டு நூலைச் சின்னக் குழலில் ஏற்றிக் கொடுக்கிற வேலை அது. ராட்டையை விட்டு எழுந்தால் கோயிலைச் சுற்றப் போவாள். எங்கள் மகளுக்குப் பரீட்சை என்றால் பெருமாள் கோயில் பிரகாரத்தை அவள் சுற்றினாள். மகளுக்குப் பிரசவம் என்றால் அம்மன் கோயிலைச் சுற்றினாள். எனக்கு முட்டி வலி வந்தபோது மாகறல் சிவன் கோயிலுக்குப் பஸ் ஏறிப் போய்ச் சுற்றியவளும் அவள்தான். எலும்பு நோவுக்கு அந்தச் சாமி கைகண்ட மருந்து என்பார்கள். முட்டி என்னுடையது, சுற்று அவளுடையது. வலியும் குறைந்தது. எண்ணெய் தேய்த்ததில் குறைந்ததா, அவள் சுற்றியதில் குறைந்ததா என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. படுத்திருப்பவனுக்காக எழுந்து நடக்க முடிந்தவர்கள் சுற்றுவார்கள். பலன் உரியவருக்குப் போய்ச் சேரும்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் நான் நடக்கவில்லை. எட்டாம் நாள் சாப்பாடு போடும்போது சொன்னாள்.

"நீங்க நடக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். உங்களுக்கோசரம் நான் வேண்டிக்கினேன். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, அந்த ஏரிய சுத்துறேன். உங்களுக்கு எறங்கிடணும்."

"ஏரி என்னா கோயிலாம்மா?"

"தண்ணி சாமி இல்லயா? கரையில கன்னிமார் கோயில் இருக்குது இல்ல? அப்புறம் என்னா?"

"டாக்டர் என்னத்தானே நடக்கச் சொன்னாரு?"

"ஆமா, நீங்கதான் நடந்து கிழிச்சீங்க."

நான் சிரித்தேன். சிரிப்புக்கு அடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்ளாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. காலையில் ஐந்தரைக்கு எழுந்து நடக்க வேண்டுமே என்று ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த கல்லை ஒருத்தி வந்து எடுத்துவிட்டாள். வேண்டுதலுக்கு இரண்டு நிபந்தனை வைத்தாள். யாருக்காகச் சுற்றுகிறாளோ அவர் அங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மண்டலம் முடியும் வரை எனக்கு ரத்தம் குத்திப் பார்க்கக் கூடாது. சாமியை நடுவில் சோதிக்கக் கூடாதாம். இரண்டும் எனக்குச் சம்மதம்தான்.

அந்த ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரை விட்டு ஏனாத்தூர்ப் பக்கம் போகிற வழியிலிருந்து உள்ளே திரும்பினால் வரும். முன்பு மாடு குளிப்பாட்டுகிற ஏரி. பிறகு இரும்பு வாசல் வைத்து, கரையைச் செப்பனிட்டு, பூங்கா என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். வாசலில் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும். கைகாலை ஆட்டிப் பழகுகிற இரும்பு மிஷின்கள் வரிசையாக நிற்கும். படகு ஒன்று உண்டு, சங்கிலி போட்டுப் பூட்டியே இருக்கும். முன்பாதிக் கரைக்குச் சிமெண்டுக் கல் பதித்திருக்கிறார்கள். மதகைத் தாண்டிய பின்பாதி வெறும் மண்பாதை, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். அந்தப் பின்பாதிக்குத்தான் 'இயற்கை நடைபாதை' என்று பச்சைப் பலகை வைத்திருக்கிறார்கள். முழுச் சுற்று இரண்டரைக் கிலோமீட்டர் என்று அதில் எழுதியிருக்கும்.

பலகையில் அம்புக்குறியும் உண்டு. அது வலது பக்கம் காட்டும். அதன்படி போனால் ஏரி நமக்கு இடக்கைப் பக்கம் வரும். அப்படி இடமாகச் சுற்றுவது சாவுச் சடங்கில்தான். அம்பு போட்ட அதிகாரி வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். திறந்த முதல் நாளிலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட அந்த அம்பை மதிக்கவில்லை. எல்லாரும் வலமாகவே சுற்றுவார்கள். காலேஜ் பிள்ளைகள் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு அம்பு காட்டுகிற பக்கமாக எதிரே ஓடி வருவார்கள். "எதிர்ல வர்றியேப்பா, சுத்தி வாப்பா" என்று பாட்டிமார்கள் திட்டுவார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் காதில் விழாது.

நான் பார்த்த வரை அங்கே யாரும் பாதியில் திரும்புவதும் கிடையாது. கால் வலித்தால் உட்கார்ந்து போவார்கள், ஆனால் சுற்றை முடிப்பார்கள். டாக்டர்கள் உடற்பயிற்சிக்கு அனுப்பிவைத்த ஜனங்கள் அதைப் பிரதட்சணமாக மாற்றிக்கொண்டது யாரும் பேசி வைத்துக்கொண்டு நடந்ததில்லை.

முதல் நாள் அவளை ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றி என் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள்.

"செருப்பு போட்டுக்கினு நடம்மா. அந்தாண்ட பக்கம் முள்ளு."

"செருப்பு போட்டுக்கினு யாராவது சாமி சுத்துவாங்களா? சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தேன். புங்க மரத்தடியில் வாகான பெஞ்சு அது. அவள் கரையில் ஏறி, ஏரியை வலக்கையில் விட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள். வேகமான நடை இல்லை. கருவேலங்காட்டுக்குப் பின்னால் மறைவாள். பிறகு எதிர்க்கரையில் சின்னதாகத் தெரிவாள். திரும்பி என்னிடம் வர முக்கால் மணி நேரம் ஆகும். டாக்டர் சொன்ன அதே முக்கால் மணி நேரம். அதற்குள் நான் பேப்பர் படித்து முடித்திருப்பேன். வாசலில் ஒருவர் தள்ளுவண்டியில் போண்டா போடுவார். என் சர்க்கரை இறங்குவதற்காக அவள் சுற்றிக்கொண்டிருக்கும்போது நான் இரண்டு போண்டா தின்பேன், கெட்டிச் சட்னியோடு. நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அந்த ஜாதி நான்.

என் பெஞ்சுக்குப் பக்கத்து இரும்பு மிஷினில் இடுப்பை ஆட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். மாகறல் பக்கத்துக்காரர். நிலம் நீச்சு வைத்திருந்து, செங்கல் சூளை போட்டு, இப்போது ஒரு கட்சியில் இருக்கிறார். ஊர் வம்பெல்லாம் அவர் வாயில்தான். பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ கேட்டார்.

"என்னா சார், அம்மா உங்க ரவுண்டையும் சேத்துப் போடறாங்களா?"

"வேண்டுதல்பா."

"நல்லா இருக்குதே. எனக்கும் சுகர்தான். நம்ம வீட்லயும் சொல்லிப் பாக்கறேன்." இடுப்பை ஆட்டுவதை நிறுத்தாமலே சிரித்தார்.

நானும் சிரித்தேன். கேலி உறைக்காத அளவுக்கு அசதியாக இருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் காலையில் போண்டா தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன அசதி? முப்பத்து மூன்று வருஷமாகச் சேர்ந்த அசதி அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளும் முப்பது வருஷமாக ராட்டை சுற்றியிருக்கிறாள். அவள் அசதியை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

முப்பதாம் நாள் திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவள் கால் வைத்த இடத்தில் ரத்தம் இருந்தது. வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் இரண்டு பேருமே பார்த்தோம். இடது பாதத்தில், சுண்டு விரலுக்குக் கீழே கருவேல முள் ஒடிந்து உள்ளே இருந்தது. அந்த வாரம் பின்பாதியில் கிளைகளை வெட்டிப் பாதையிலேயே போட்டிருந்தார்கள்.

"எப்ப குத்துச்சு?"

"தெரியலயே." காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வலியே இல்லைங்க. சாமி பாத்துக்கினாரு."

கருவேல முள் குத்தி வலிக்கவில்லை என்றால் அது சாமி பார்த்துக்கொண்டது இல்லை என்பதை இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். சர்க்கரை கூடிப் போனால் பாதம் மரத்துப் போகும் என்று என் டாக்டர் என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். வாரா வாரம் என் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பார்த்துச் சொல்வதே அவள்தான். அன்றைக்கு நான் அவள் காலைப் பார்த்தபோது அது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அந்த வியாதி என்னுடையது என்ற நினைப்பு எனக்கு. என் பெயரில் சீட்டு இருக்கிறது, என் பெயரில் மாத்திரை இருக்கிறது, ஒரு வீட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் அது வரும் என்பதுபோல இருந்துவிட்டேன்.

ஊசியால் நெண்டி முள்ளை எடுத்தாள். பாதிதான் வந்தது. மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள்.

"டாக்டர் கிட்ட போலாமா?"

"மண்டலம் முடியட்டும். இன்னும் பதினெட்டு நாளுதான்."

நான் ஒரு தடவைதான் கேட்டேன். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி முழுக்கப் பார்த்தேன். முப்பத்திரண்டாம் நாள் அவள் குதிகாலை ஊன்றி நடந்தாள். முப்பத்தைந்தாம் நாள் முக்கால் மணி நேரச் சுற்று ஒரு மணி நேரமானது. நாற்பதாம் நாள் வந்து உட்கார்ந்ததும் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு பாட்டிலும் கேட்டாள். கட்டுத் துணி ஈரமாக இருந்தது. ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடமிருந்து ஒரு வாடை வந்தது. சேலை மூட்டையில் எலி செத்துக் கிடந்தால் வருகிற வாடை. எங்கள் கடையில் ஒரு தடவை அப்படி வந்து, கடையையே கவிழ்த்துப் போட்டுத் தேடியிருக்கிறோம். அன்றைக்கு நான் எதையும் தேடவில்லை.

ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்று நிறைய நாள் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேண்டுதலைக் கலைக்கக் கூடாது என்று பயந்தேன் என்று மகளிடம் போனில் சொன்னேன். அது பொய். அவள் நிறுத்தினால் நான் நடக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதை எழுதும்போது என் கை கூசுகிறது, ஆனால் இதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

நாற்பத்தொன்றாம் நாள் ஒரு மணி நேரம் ஆகியும் அவள் எதிர்க்கரையில் தெரியவில்லை. பேப்பரை மடித்தேன். இன்னும் பத்து நிமிஷம் பார்த்தேன். போன் செய்தால் மணி என் பக்கத்திலேயே அடித்தது, அவள் பை என் பெஞ்சில்தான் இருந்தது. எழுந்து நடந்தேன். அந்த ஏரிக்கரையில் நான் நடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

முன்பாதிக் கல்பாதை முடிந்து, மதகுக்குக் கொஞ்சம் தள்ளி, மண்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். உடம்பு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. நெற்றியில் கை வைத்தால் கொதித்தது. தண்ணீரில் நாமக்கோழிகள் அவை பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. எனக்கு அவற்றின்மேல்கூடக் கோபம் வந்தது.

"எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்."

அவள் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வந்த வழியே திரும்பினால் இருபது நிமிஷத்தில் வாசல். நான் அந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தேன். அவள் நின்றுவிட்டாள்.

"அந்தாண்ட வேணாம். பாதியில திரும்பக் கூடாது."

"அறிவிருக்குதா உனக்கு? ஒடம்பு கொதிக்குது."

"நாப்பது நாளு சுத்துனது போயிடும்ங்க. மெதுவா சுத்தி வந்துடலாம். உங்களுக்குத்தான்."

அவள் அழுதாள். நான் வாதாடவில்லை. எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையிலும் நான் வாதாடாமல் விட்ட இடங்களுக்கெல்லாம் பெருந்தன்மை என்று ஊரில் பெயர் வாங்கியிருக்கிறேன். வாதாடச் சோம்பல், அதுதான் உண்மை. அவளைத் தாங்கிக்கொண்டு கருவேலங்காட்டு வழியாக மிச்சப் பாதி ஏரியைச் சுற்றினேன். என் காலில் செருப்பு இருந்தது. அவள் வெறுங்காலோடு என் பக்கத்தில் இழுத்து இழுத்து வந்தாள். இருபது நிமிஷத்தில் முடிய வேண்டிய வழிக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆனது. வாசலுக்கு வந்ததும் ஏரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகுதான் மயங்கினாள். மாகறல்காரர்தான் தன் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "இவங்களுக்கு எத்தனை வருஷமா சுகர்?"

"இவளுக்கு இல்லம்மா. எனக்குத்தான், ஆறு வருஷமா."

"உங்கள கேக்கல சார். இவங்களுக்கு."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கு என்னைவிட எவ்வளவோ கூட இருந்தது. ரொம்ப வருஷமாகவே இருந்திருக்கும் என்றார் அந்த டாக்டர். தண்ணீர் தாகம் எடுக்குமா, அடிக்கடி ஒண்ணுக்குப் போவார்களா, கண் மங்கலா, கால் மரத்துப் போகுமா என்று வரிசையாகக் கேட்டார். நூல் அறுந்தால் முடிச்சுப் போடக் கண் தெரியவில்லை என்று அவள் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வயசாகிறது என்று நான்தான் சொன்னேன். எங்கள் வீட்டு அலமாரியில் ரத்தம் குத்திப் பார்க்கிற மிஷின் ஆறு வருஷமாக இருக்கிறது. வாரம் ஒரு தடவை என் விரலைக் குத்தி, நம்பரைக் காலண்டரில் எழுதுகிறவள் அவள். அவள் விரலை ஒரு தடவைகூட யாரும் குத்தியதில்லை.

மூன்றாம் நாள் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் போட்டேன். வெளியே நடைக்கூடத்தில் பெஞ்சு இருந்தது. உட்காரப் பிடிக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

எனக்கும் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பார்த்தேன். நாற்பத்தொரு நாளைக்கு முன்னால் இருந்ததைவிடக் கூடியிருந்தது. போண்டா அதன் வேலையைச் செய்திருந்தது.

மயக்கம் தெளிந்த பிறகு அவள் காலைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

"உங்களுக்குப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"எறங்குச்சா?"

காலில் அவ்வளவு பெரிய கட்டோடு, உதடு வெடித்துப்போய், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எறங்கிடுச்சும்மா" என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்த அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறேன். பிறகு விரலை மடக்கி எண்ணினாள்.

"இன்னும் ஏழு நாளு பாக்கி. நீங்க முடிச்சிடுங்க. எனக்குன்னு வேண்டிக்கினு சுத்துங்க. எனக்கும் எறங்கிடும்."

சரி என்றேன். அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலிருந்து ஏரிக்குப் போனேன். முதல் நாள் பாதிக் கரையிலேயே மூச்சு வாங்கியது. முட்டி கழன்று போகும் போல இருந்தது. கருவேலங்காட்டைத் தாண்டி எதிர்க்கரைக்கு வந்ததும், அங்கிருந்து என் பெஞ்சு எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று பார்த்தேன். நாற்பத்தொரு நாளும் அவள் இங்கே வந்தபோது அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்திருப்பாள். கோபமே வந்திருக்காது அவளுக்கு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே ஒரு கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எதிரே ஓடி வந்த காலேஜ் பையன் காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு "என்னாச்சு அங்கிள்?" என்றான். "ஒண்ணும் இல்லப்பா, போப்பா" என்றேன்.

ஏழு நாளில் நான் நிறுத்தவில்லை. ஆறு மாதமாகத் தினமும் சுற்றுகிறேன், மழை நாள் தவிர. செருப்போடுதான் சுற்றுகிறேன். உற்சாகமெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை. காலைக்காற்று, பறவைச் சத்தம், புத்துணர்ச்சி என்று மாகறல்காரர் அளப்பதெல்லாம் எனக்குப் பொருந்தாது. களைப்போடு போய்க் களைப்போடு வருகிறேன், அதன் மேல் கடைக்குப் போய்ச் சேலை விரிக்கிறேன். அவள் வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றுகிறாள். அவளுக்கென்று மெத்தென்ற செருப்பு ஒன்று செய்து கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செருப்பு பெட்டியோடு பூஜை அறைக்கு வெளியே இருக்கிறது. நடந்தியா என்று கேட்டால் நடந்தேன் என்பாள். நானும் அதற்கு மேல் கேட்பதில்லை, பழைய புத்தி எளிதில் போய்விடுமா?

போன வாரம் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் போனோம். என்னை முதன்முதலில் நடக்கச் சொன்ன அதே டாக்டர். மேஜைமேல் இரண்டு தாள் இருந்தது, ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது. என் தாளைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, மாத்திரைய கொறைக்கலாம் போல இருக்குதே" என்றார். அவள் கண்ணை மூடிக் கைகூப்பினாள். பிறகு டாக்டர் அவள் தாளை எடுத்தார். அவள் காலை ஸ்டூல்மேல் தூக்கி வைக்கச் சொல்லி விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"உங்களுக்கு எறங்கவே இல்லயேம்மா. இந்த விரலும் கறுக்க ஆரம்பிக்குது பாருங்க. இப்படியே விட்டா பாதத்தையே எடுக்க வேண்டி வரும். அந்தச் செருப்பு போட்டு நடக்கிறீங்களா இல்லையா?"

"அதுக்கென்னா சார்" என்றாள் என் மனைவி. அவளுக்குக் கொஞ்சமும் பயம் இல்லை. "எனக்கோசரம் இவரு தினம் ஏரிய சுத்துறாரே. எனக்கும் எறங்கிடும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அது எனக்குக் கைவந்த கலை. அவளுடைய பாதம் அந்த ஸ்டூல்மேல் எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "நான் எனக்குத்தான் நடக்கிறேன். உனக்கு நீதான் நடக்கணும்."

"ஏழு நாளு எனக்குன்னு சுத்துனீங்களே?"

"அதுவும் எனக்குத்தான் வந்துச்சு. நடக்கிறவங்களுக்குத்தாம்மா வரும்."

மின்விசிறிக் காற்றில் மேஜைமேல் இருந்த தாள்கள் படபடத்தன. டாக்டர் அவற்றைக் கையால் அழுத்திக்கொண்டார்.

"அப்ப நான் சுத்துனது?"

"எறங்கலம்மா. அன்னிக்கி நான் பொய் சொன்னேன். நாப்பத்தோரு நாளும் எனக்கு ஒரு புள்ளிகூட எறங்கல."

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து, ஸ்டூல்மேல் இருந்த தன் காலைப் பார்த்தாள். விரல்கள் போன பிறகு அவள் அதை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.